விளக்கில்லாத பிள்ளையாரைத் தேடி

இலங்கைக்குப் போகிறவர்களைச் சோதிக்கிற மண்டபம் முகாமில் தவறான வரிசையில் நின்றுவிட்டேன். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற ஆட்களின் வரிசை அது. நாக்கை நீட்டச் சொன்னார்கள், கண் இமையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், உடுப்பை எல்லாம் வாங்கி நீராவிப் பெட்டிக்குள் போட்டார்கள். இடுப்பில் துண்டோடு நின்றுகொண்டு, "நான் தாலுகா போர்டு ஓவர்சியர்" என்று சொன்னால் எவன் நம்புவான்? என் காக்கிக் கோட்டு திரும்பி வந்தபோது அதன் கை முழங்கைக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது. குளிருக்கென்று நான் எடுத்து வந்தது அது ஒன்றுதான். இலங்கை முழுவதும் அதைப் போட்டுக்கொண்டே அலைந்தேன்.

கடல் கொஞ்ச தூரம்தான் என்றார்கள். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் என் ஊர் முசிறியில் சாப்பிட்ட சோறெல்லாம் வெளியே வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு கங்காணி வெற்றிலை மென்றபடி, "மொதத் தடவையா? அடுத்த தடவ பழகிரும்" என்று ஆறுதல் சொன்னார். அடுத்த தடவை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மறுபடியும் குமட்டியது. நாற்பது வயதுக்கு மேல் மனிதன் சொந்த ஊர் ஆற்றைத் தாண்டுவதே அதிகம் என்பது என் கொள்கை. தங்கைக்காக அதை மீறினேன்.

அட்டனில் இறங்கினால் பேச்சோடு புகை வருகிறது. கடைத்தெருவில் மாப்பிள்ளை மாணிக்கம் பிள்ளையின் ஜவுளிக் கடை, மாடியில் வீடு. செல்லம் படியிறங்கி வந்து, "அண்ணே, என்ன இது தம்பி சட்டையப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க?" என்று சிரித்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் என் கையைப் பிடித்ததும் அழுதுவிட்டாள்.

என் தங்கைக்கு இதற்கு முன் மூன்று தடவை பிரசவமாகியிருக்கிறது. மூன்று குழந்தையும் பிறந்தபோதே உயிர் இல்லை. கண்டிக்குக் கூட்டிப்போய் வெள்ளைக்கார டாக்டரிடம் காட்டினார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றாராம். சரியாக இருந்தால் நாங்கள் ஏன் அவரிடம் போகிறோம்? கடைசியில் ஒரு கோடாங்கி வந்து உடுக்கடித்துச் சொன்ன வார்த்தை அவள் மனத்தில் ஒட்டிக்கொண்டது. மலைக்குள்ளே வழிப்போக்கர் கும்பிட்ட பிள்ளையார் ஒன்று விளக்கில்லாமல் இருட்டில் கிடக்கிறதாம். அதற்கு விளக்கு வைக்க வேண்டியது இந்தக் குடும்பமாம்.

கோடாங்கி சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை. ஆனால் மாப்பிள்ளை குடும்பத்திலும் அப்படி ஒரு பேச்சு வெகுகாலமாக உண்டு. காப்பியும் தேயிலையும் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னால், ராசாக்கள் காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போனவர்கள் பொகவந்தலாவைப் பக்கமாகக் காட்டுவழியே நடந்தார்கள். அந்த வழியில் சிறிய கற்கோயிலில் ஒரு பிள்ளையார் இருந்தார். பொதிமாட்டு வியாபாரிகளான மாப்பிள்ளையின் முன்னோர்கள் அதற்கு எண்ணெய் கொடுத்து வந்தார்கள். பிறகு காடு வெட்டினார்கள், கோயில் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

"மச்சான், நீங்க ஊர்ல எத்தன கோயில் திருப்பணி பாத்தவங்க. கல்லப் பாத்தா ஒங்களுக்குத் தெரியும்" என்றார் மாப்பிள்ளை. "பிரசவத்துக்கு முன்னால எடத்தக் கண்டுபிடிச்சு அங்கனயே ஒரு விளக்கு ஏத்திரணும். அவளுக்கு மனசு ஆறும்." அந்தப் பக்கத்துத் தோட்டத்துத் துரையிடம் அவரே போய்ப் பேசி உத்தரவும் வாங்கியிருந்தார். துரைக்குப் பழைய கற்கள் என்றால் கொஞ்சம் ஆசையாம். இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டினால் அந்தத் துண்டு நிலத்தைக் கோயிலுக்கு விடுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

செல்லம் எனக்கென்று ஊரிலிருந்து வரவழைத்த காப்பிப் பொடியில் காப்பி போட்டுக் கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை. "கெடைக்குமா அண்ணே?" என்றாள். கிடைக்கும் என்று சொன்னேன். அந்த மலைகளைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொல்ல எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

மறுநாள் பொகவந்தலாவை பஸ். பஸ் என்பது மரியாதைக்குச் சொல்வது. லொறியின் முதுகில் மரப்பெட்டியை வைத்து உள்ளே பலகை அடித்திருந்தார்கள். நம் ஊர்ப் பாதை நேராகப் போகும், அலுத்தால் திரும்பும். இங்கே பாதைக்கு நேராகப் போகத் தெரியாது. ஒரு வளைவில் தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி எதிரே வந்து நின்றது. இரண்டு டிரைவர்களும் யார் பின்னால் போவது என்று சிங்களத்தில் நெடுநேரம் வழக்காடினார்கள். கடைசியில் எங்கள் பஸ்தான் பின்வாங்கியது. கண்டக்டர் ஒரு மரக்கட்டையோடு பின்னாலேயே ஓடி, சக்கரத்துக்கு அண்டை கொடுத்துக்கொண்டே வந்தான். இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. என் பக்கத்தில் மடியில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த சிங்களப் பெண் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. முன் பலகையில் இருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "ஐயாவோட கோட்டே பஸ்ஸுக்குப் பயந்து சுருங்கிருச்சுன்னு சொல்லுது."

தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வீட்டில் இடம் கொடுத்தார்கள். ஆட்களின் பெயரைப் பதிந்து வேலை வாங்குகிறவர் அவர். நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் வீட்டுச் சட்டியில் எந்நேரமும் கருவாடு கொதிக்கும். நான் சைவம் என்றதும் அவர் மனைவி பாண் என்கிற ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள். சம்பலிலும் மாசிக் கருவாட்டுத் தூள் போடுகிற வழக்கம் உண்டென்று சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது? வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

விடியுமுன் பெரட்டு. தப்புச் சத்தத்துக்கு ஆட்கள் எல்லாம் வந்து கூடி, இன்ன மலைக்கு இன்னார் என்று வேலை பிரித்துக் கொள்கிற இடம் அது. பெண்கள் கம்பளியைத் தலையில் போர்த்தி, அதற்கு மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு நின்றார்கள். என் பக்கத்தில் கணக்கப்பிள்ளை, என் தலையில் சோலாத் தொப்பி, கையில் அளவு நாடா. "இங்கே பக்கத்தில் எங்காவது பழைய வேலைப்பாட்டுக் கல் இருக்கிறதா? தரையில் பதிந்த கல், பெரிய கல்?" என்று கேட்டேன். எல்லாரும் ஒரே குரலில், "இல்லீங்க" என்றார்கள்.

முப்பது பேர் ஒரே குரலில் சொன்னால் அது உண்மையாக இருக்கும், அல்லது முழுப் பொய்யாக இருக்கும். என் உத்தியோக அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகம். ஆனால் இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அதற்குள் ஒரு கிழவர், "அந்த மலை உச்சியில ஒரு கல்லு இருக்குங்க சாமி" என்று கை காட்டினார். ஏறினேன். அட்டைகள் காலில் மட்டும் ஏறவில்லை. கோட்டுக் கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் நீராவிப் பெட்டி திறந்துவிட்ட இடத்திலும் ஏறின. உச்சியில் இருந்தது கல்தான். ஆண்டவன் வைத்த கல், மனிதன் உளி படாதது. இறங்கி வந்தபோது அந்தக் கிழவரைக் காணவில்லை.

அடுத்த நாள் ஒரு பெண் ஓடைப் பக்கம் போகச் சொன்னாள். அங்கே செதுக்கிய கற்கள் வரிசையாக இருக்கக் கண்டு நாடாவை விரித்துக்கொண்டே ஓடினேன். கிட்டப் போய்ப் பார்த்தால் மதகு. ஓவர்சியர் ஒருவன் கடல் தாண்டி வந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, கண்டுபிடித்தது ஒரு மதகு! நல்ல வேலைப்பாடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் போர்டு மதகுகள் இவ்வளவு மழையைத் தாங்கா. அன்று மாலை முழங்கால் வீங்கிவிட்டது. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, நாளையோடு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். செல்லத்திடம் போய் என்ன சொல்வது என்று நினைத்ததும் தூக்கம் போயிற்று.

கடைசியில் வழியைச் சொன்னவர் தோட்ட எல்லைக்கு அப்பால் இருந்த ஒரு சிங்களப் பெரியவர். மிளகுக் கொடி பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளை சிங்களத்தில் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னார். "என் அப்பா சொல்வார். இரண்டு ஓயாவும் சேருகிற இடத்துக்கு மேலே கணதெய்யோவுக்கு, அதாவது உங்கள் பிள்ளையாருக்கு, ஒரு வீடு இருந்தது. மலைக்குப் போகிறவர்கள் குளித்துவிட்டு, ஒரு கொப்பை முறித்து அங்கே வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். தமிழர்களும் வைப்பார்கள், எங்கள் ஆட்களும் வைப்பார்கள். காப்பிக்குக் காடு வெட்டியபோது துரை அந்தச் சாமிக் கல்லைப் புரட்டித் தள்ளச் சொன்னார்." அவர் கை காட்டிய திசையில் ஓடைகள் சேருகிற இடம் தெரிந்தது. அதற்கு மேலே ஆட்கள் குடியிருக்கிற லயத்தின் தகரக் கூரை தெரிந்தது.

அந்த லயத்தை ஆத்து லயம் என்பார்கள். ஒரே நீளக் கூரை, சேர்ந்தாற்போலப் பத்துப் பன்னிரண்டு காம்பரா, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒட்டுத் தாழ்வாரம். நான் போனபோது அங்கே நின்ற பெண்கள் என்னைக் கண்டதும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கல்லா? இல்லீங்க. தரையில்? மண்ணுதாங்க. நான் லயத்தின் பின்புறம் நாடா பிடித்து அளந்தேன். சுவர் அடியில் குத்திப் பார்த்தேன். ஒரு காம்பராவுக்குள் யாரோ சாக்கை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. மறுநாளும் போனேன். அன்றும் அதே "இல்லீங்க". சிறு குழந்தைகள்கூட என்னைக் கண்டால் அம்மாவின் சேலைக்குள் போயின. இவ்வளவு பயப்படுத்துகிற முகம் எனக்கு இருக்கிறதென்று என் ஆபீஸ் பியூனுக்குத் தெரிந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவான்!

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. கணக்கப்பிள்ளை கொழுந்து நிறுக்கப் போய்விட்டார். எனக்கு முழங்கால் மடங்கவில்லை. நடுக் காம்பராவின் இஸ்தோப்பில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். இனி அடித்துத் துரத்தினாலும் எழுந்திருப்பதில்லை என்று தீர்மானம். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த அந்தக் காம்பராக்காரி என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பெயர் ராக்காயி. உள்ளே போய்ப் பாலில்லாத சாயத் தேத்தண்ணி கொண்டுவந்து, என் உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்தாள். "கடிச்சுக்கிட்டுக் குடிங்க" என்றாள். பிறகு, கொஞ்சம் தள்ளி நின்றபடி, "ஐயாவ டாக்டரய்யா அனுப்பிச்சாரா, தொரை அனுப்பிச்சாரா?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபமும் களைப்பும் சேர்ந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்பதில்லை. "ஒருத்தரும் அனுப்பவில்லை, அம்மா. எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அட்டனில். மூன்று குழந்தை பெற்றாள். ஒன்றுகூட அழவில்லை. மூன்றையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது நாலாவது. இங்கே ஒரு பிள்ளையார் இருந்தார், அவருக்கு விளக்கு வைத்தால் குழந்தை தங்கும் என்று எவனோ சொல்லிவிட்டான். எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கு இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மலையெல்லாம் நாய் மாதிரி அலைகிறேன்." அந்நிய ஊரில், அளவு தவறிய கோட்டில், ஒரு பெண் முன்னால் அழுதேன்.

ராக்காயி முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பக்கத்துக் காம்பராக்களைப் பார்த்து, "அடியே, வாங்கடி, இவரு டாக்டரு ஆளு இல்லடி!" என்று கத்தினாள். எல்லாப் பெண்களும் வந்துவிட்டார்கள். விஷயம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிள்ளைப்பேறு எல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும், லயத்தில் வைத்துக்கொண்டால் பேரை வெட்டி வேலையை நிறுத்துவேன் என்று அங்கே துரையின் உத்தரவு. ஆஸ்பத்திரியோ மலைக்கு அந்தப் பக்கம். வலி எடுத்தவளை மழையில் எப்படித் தூக்கிப் போவது? இவர்கள் ஒளித்துப் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொப்பியும் நாடாவுமாக ஒருவன் வந்து 'தரையில் பதிந்த கல் எங்கே' என்று கேட்டால், அவர்களுக்கு என்ன தோன்றும்?

"உள்ள வாங்க" என்றாள் ராக்காயி. குனிந்து போனேன். அடுப்புக்கு எதிர் மூலையில் கிடந்த சாக்குகளை இழுத்துப் போட்டாள். கீழே ஒரே கல். ஆள் படுக்கிற நீளம், கறுப்பாக, எண்ணெய் குடித்து மின்னியது. ஓரம் சுற்றிலும் தாமரை இதழ். ஒரு பக்கம் அபிஷேக நீர் போகிற வாய்க்கால். நடுவில் சதுரக் குழி. மூர்த்தியைப் பதித்து நிறுத்துகிற குழி. நான் முட்டிபோட்டு அந்த இதழ்களைத் தடவினேன். பழைய கை. மிகப் பழைய கை. ஊரில் எத்தனையோ கோயிலில் பார்த்திருக்கிறேன், இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சுவரை எழுப்பியவர்கள் பீடக் கல் கனமாக இருக்கவே அப்படியே விட்டு மேலே காம்பரா கட்டியிருக்க வேண்டும்.

"மத்தக் காம்பராவெல்லாம் மண் தரைங்க. மழ நாள்ல ஈரம் ஊறிக் கெடக்கும். இதுல ஈரம் ஏறாது" என்றாள் ராக்காயி. "லயத்துல யாருக்கு வலி வந்தாலும் இங்கனதான் தூக்கியாருவாங்க. எங்க ஆத்தா இங்கதான் என்னையப் பெத்துச்சு. நான் மூணு பெத்தேன். இதுகளும் எல்லாம் இங்கனதான்." அவள் சுற்றி நின்றவர்களைக் காட்டினாள். சதுரக் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. அது என்ன என்று கேட்டேன். "ஊதக்காத்துல விளக்கு நிக்காதுங்க. குழிக்குள்ள வச்சா அணையாது. புள்ள பொறக்குறவரைக்கும் எரியும்."

விளக்கில்லாமல் கிடக்கிறது என்று கோடாங்கி சொன்ன இடத்தில், எத்தனை விளக்கு எரிந்திருக்கிறது என்று எண்ண முடியாது. அவனைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போல இருந்தது.

அட்டனுக்குத் திரும்பி முதலில் மாப்பிள்ளையிடம், இடம் கிடைத்தது, ஒரு காம்பராவுக்குள் இருக்கிறது என்று சொன்னேன். அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். காப்பியைக்கூடக் குடிக்காமல் துரையைப் பார்க்க ஓடினார். பொழுது சாய வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "தொரை சம்மதிச்சிட்டாரு மச்சான்! அந்த லயமே பழசாம், ஒடச்சு எடுத்துத் தாறேன்னுட்டாரு. கல்லச் சுத்திக் கோயில் எழுப்பிரலாம்." அங்கே இருக்கிற குடும்பங்கள் என்ன ஆகும் என்று கேட்டேன். "தேயிலை வெல விழுந்து கெடக்கு. வேலையில்லன்னு எப்படியும் கணக்கு முடிச்சுப் பத்துச்சீட்டுக் குடுத்து ஊருக்கு அனுப்பத்தான் போறாங்களாம். இவங்க முந்திக்கிட்டுப் போவாங்க." என்னை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தவளின் கூரை என் வாயால் போகப்போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் மனம் மாறட்டுமென்று மிச்சத்தையும் சொன்னேன். அங்கே பிள்ளை பெறுகிறார்கள் என்று கேட்டதும் மாப்பிள்ளையின் முகம் மாறிவிட்டது. "கருவறைக் கல்லு மேலயா? தீட்டு மச்சான்! இதுக்கு மேல அந்தக் கல்ல எத்தன குடம் தண்ணி ஊத்திக் கழுவுறது? இதனாலதான் நமக்கு இப்படி நடந்திருக்கு." லயத்தை உடனே இடித்து, மண்ணைத் தோண்டி எடுத்து, சாந்தி பண்ண வேண்டும் என்று பேசிக்கொண்டே போனார். செல்லம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பொறந்ததெல்லாம் தங்கிச்சா அண்ணே?" என்று என்னைக் கேட்டாள். எல்லாம் தங்கியதா என்று எனக்குத் தெரியாது. ராக்காயியின் மூன்றும் என் கண் முன்னால் ஓடி விளையாடின என்றேன். "நான் பாக்கணும்" என்றாள்.

நிறைமாதத்துக்காரியை அந்தப் பாதையில் கூட்டிப்போவது எனக்கும் சம்மதமில்லை, மாப்பிள்ளைக்கும் சம்மதமில்லை. அவள் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டாள். வாடகைக் கார் பேசி, தலையணை அடுக்கி, ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி நிறுத்திப் போனோம். மாப்பிள்ளை, இடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உடனே திரும்புவது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

இடிக்கப்போகிற சேதி எங்களுக்கு முன்னாலேயே லயத்துக்குப் போயிருந்தது. பெண்கள் இஸ்தோப்பில் நின்றார்கள். என்னை ஒருத்தியும் வா என்று சொல்லவில்லை. அது நியாயம்தான். செல்லம் நேராக ராக்காயியிடம் போய், "நீதானா?" என்று கேட்டாள். ராக்காயி அவள் வயிற்றைப் பார்த்தாள். கோபமாகப் பேச நினைத்திருந்தவள் போலத் தெரிந்தது. ஆனால் அவள் வாயில் வந்தது, "எறங்கிக்கெடக்கே தாயி. இந்த வயித்த வச்சுக்கிட்டா காருல வந்தீக?" என்பதுதான். இருவரும் குனிந்து உள்ளே போனார்கள். கல்லின் ஓரத்தில் கை வைத்துத் தடவிய செல்லம், அதன் மேலேயே மெல்ல ஒருக்களித்துப் படுத்துவிட்டாள்.

மாப்பிள்ளை வாசலில் குடையோடு நின்றார். லயத்துக் காம்பராவுக்குள் அவர் கால் வைத்தவரல்ல. கடைக்கு வருகிற தோட்டத்து ஆட்களிடமும் மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே பேசுகிறவர். "செல்லம், எந்திரிச்சு வா. ஊரு சிரிக்கும். தீட்டுப் பட்ட எடம்" என்றார்.

"நம்ம வீட்ல தீட்டே இல்லைங்க" என்றாள் செல்லம். படுத்தபடியே, அவரைப் பார்க்காமல் சொன்னாள். "கழுவிக் கழுவி வச்சிருக்கேன். மூணு தடவ தொட்டில் கட்டி மூணு தடவ அவுத்தேன். ஒரு புள்ள அழுத சத்தம் அந்த வீட்ல இல்ல. சாமி சுத்தமான எடத்துலதான் இருக்கும்னா, நம்ம வீட்டுக்கு ஏன் வரல? இங்க இருந்திருக்கு. இந்தப் பொம்பளைங்களோட இருந்திருக்கு. லயத்த ஒடச்சீங்கன்னா எனக்கு வெளக்கும் வேணாம், கோயிலும் வேணாம். இந்தக் காம்பராவ மட்டும் இவ எனக்கு ஒரு தடவ குடுக்கட்டும்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குக் கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் குடையை மடக்கினார், மறுபடியும் விரித்தார், மறுபடியும் மடக்கினார். பிறகு ராக்காயியைப் பார்த்து, எனக்கே அரைகுறையாகக் கேட்ட குரலில், "அம்மா, கல்லு குளுருமே. அவளுக்குப் போத்துறதுக்கு ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

ராக்காயி தன் தலைக் கம்பளியை எடுத்துக் கொடுத்தாள். கொழுந்துக் கறையும் மழை நாற்றமுமான கம்பளி அது. கம்பளி விற்கிற கடைக்காரர் அதை இரு கையாலும் வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போனார்.

மறுநாள் அவர் துரையின் பங்களாவுக்குப் போய், தன் மச்சான் அந்த லயத்தில் தப்பாகப் பார்த்துவிட்டார், அது சும்மா துணி துவைக்கிற கல், கோயில் இருந்த இடம் கிடைக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார். துரை, இந்தியாவிலிருந்து வந்த நிபுணர் இவ்வளவுதானா என்று சிரித்தாராம். என் வாழ்நாளில் நான் கண்டுபிடித்த ஒரே பழைய கோயில், இப்படித் துவைக்கிற கல்லாகிவிட்டது. வருத்தமில்லை என்று சொன்னால் பொய். முழங்கால் வலி அதைவிட அதிகமாக இருந்தது.

லீவு முடிந்து நான் ஊர் திரும்பினேன். செல்லத்தை ஆத்து லயத்துக்குக் கூட்டிப்போவதற்கு மாப்பிள்ளையே நாள் பார்த்திருந்தார்; ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தெரியாமல் எப்படி என்பது அந்தப் பெண்கள் பாடு. அதற்குப் பிறகு முசிறியில் நான் தபால்காரனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாசி மாதத்தில் ஒரு நாள், மதகு வேலை நடக்கிற இடத்துக்கே தந்தி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. ஆணா பெண்ணா, எப்போது, எங்கே என்று ஒன்றும் அதில் இல்லை. மாப்பிள்ளை இரண்டே வார்த்தை அனுப்பியிருந்தார்: குழந்தை அழுதது.